வண்டி கழுவிய நீர் எங்கே போகிறது?

பாத்திரத்தைத் துலக்குகிறோம், துணியைத் துவைத்து அலசுகிறோம், தரையை மெழுகுகிறோம், பல்லை விளக்குகிறோம், குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். தூய்மை செய்யும் தொழில் ஒன்றுக்கே தமிழில் இத்தனை சொற்கள் உண்டு. மோட்டார் வண்டி வந்தபோது அதற்கென்று புதுச்சொல் எதையும் நாம் படைக்கவில்லை. கையையும் காலையும் கழுவுவது போலவே வண்டியையும் கழுவினோம். தமிழ்நாட்டில் ‘வாட்டர் சர்வீஸ்’ என்பர். நம் நாட்டில் ‘கார் வாஷ்’ என்பதே வழக்கு. இச்சொற்கள் எல்லாம் அழுக்குப் பொருளை விட்டு நீங்குவதை மட்டுமே சொல்கின்றன. நீங்கிய அழுக்கு எங்கே சென்றது என்பதைச் சொல்வன அல்ல. அந்த இரண்டாம் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

கூலாயைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. அண்மைக் காலத்தில் கணினித் தரவு நிலையங்களும் வந்துவிட்டன. அவையும் தம் இயந்திரங்களைக் குளிர்விக்க நீரையே நாடுகின்றன. வீட்டுக்கு ஒரு வண்டி என்ற காலம் போய், வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி என்ற காலம் வந்திருக்கிறது. அதற்கேற்ப வண்டி கழுவும் கடைகளும் பெருகின. கடைவீட்டின் ஓரத்தில் ஒரு கூரை, இரண்டு உயரழுத்தப் பம்புகள், நுரை கக்கும் ஒரு கலன், நான்கு தொழிலாளர் ஆகியவை இருந்தால் கடை தொடங்கிவிடலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்கும் இத்தொழில் சோறு போட்டிருக்கிறது. ஆதலால் இதை இழித்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் ஆராய வேண்டிய செய்திகள் இதில் உள்ளன.

முதலில் ஓடும் நீரின் வழியைக் காண்போம். நம் நாட்டில் கழிவறை நீர் செல்லும் குழாய் வேறு. மழைநீர் செல்லும் கால்வாய் வேறு. கழிவறை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சாலையோரத்துக் கால்வாயில் விழும் நீர் எந்த நிலையத்துக்கும் போவதில்லை. நேரே ஓடையில் கலந்து, ஓடை ஆற்றில் கலக்கிறது. வீட்டு முற்றத்தில் நாம் கழுவும் வண்டியின் நீர் இக்கால்வாயிலேதான் விழுகிறது. கூலாய் வட்டாரத்து நீர் ஒரு பக்கம் ஸ்கூடாய் ஆற்றிலும், மறுபக்கம் சாயோங் ஆற்றின் வழியாக ஜொகூர் ஆற்றிலும் சேர்கிறது. ஜொகூர் ஆறு நமக்கும் சிங்கப்பூருக்கும் குடிநீர் தரும் ஆறு. 1962ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் அதிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். அவ்வொப்பந்தம் 2061 வரை செல்லும். ஆற்றில் நீர் குறையுங்கால் திறந்துவிடுவதற்காகவே லிங்கியூ அணை கட்டப்பட்டது. 2016 அக்டோபரில் அவ்வணையின் நீர் கொள்ளளவில் 20 விழுக்காடாகத் தாழ்ந்தது. 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் அம்மோனியா மிகுந்ததனால் ஜொகூர் ஆற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டதும் உண்டு. அவை வண்டி கழுவும் கடைகளால் நேர்ந்தவை அல்ல. நாம் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்கிறோம் என்பதை நினைவூட்டவே அவற்றைக் குறிப்பிட்டேன்.

இனி, இத்தொழிலுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் நிறுவனங்களைப் பார்ப்போம். ஜெர்மனி நாட்டில் ஆல்ஃப்ரெட் கெர்ஷர் என்னும் பொறியாளர் 1935இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1950இல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயரழுத்தக் கழுவியைச் செய்தது. அவர் 1959இல் மறைந்த பின்னர், மனைவி ஐரீன் கெர்ஷர் நிறுவனத்தை நடத்தி வளர்த்தார். (கணவன் விட்ட தொழிலை மனைவி எடுத்து வளர்த்த வரலாறுகளைத் தொகுத்தால் நம் மாணவிகளுக்கு நல்லதொரு நூலாகும்.) அதே நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில் கெப்ஹார்ட் வைகெலே, யோஹான் சுல்ட்ஸ்பெர்கர் என்னும் இருவர், நிற்கும் வண்டியைச் சுற்றிச் சுழலும் தூரிகைகள் தாமே கழுவும் இயந்திரத்துக்கு 1962இல் காப்புரிமை கோரினர். அவ்வழியில் வளர்ந்ததே இன்று வாஷ்டெக் எனப்படும் நிறுவனம். இன்று கூலாயில் நாம் காணும் சிறிய பம்பும், பெட்ரோல் நிலையங்களில் காணும் பெரிய தூரிகை இயந்திரமும் இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழிவந்தவையே.

இத்தகைய நிறுவனங்கள் இக்காலத்தில் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் வெளியிடுகின்றன. எவ்வளவு மின்சாரம் செலவிட்டோம், எவ்வளவு கழிவு விட்டோம், தொழிலாளரை எவ்வாறு நடத்தினோம் என்னும் கணக்கு அது. ஐரோப்பாவில் 2014ஆம் ஆண்டின் கட்டளை ஒன்றினால் பெரிய நிறுவனங்களுக்கு இது கடமையாயிற்று. நம் நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவும் தன்னிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள் இவ்வாறு அறிக்கை தரவேண்டும் என்று 2015இல் அறிவித்தது. இதற்குப் பெயர் ‘சஸ்டெய்னபிலிட்டி’. தமிழில் இதனை நிலைத்தன்மை என்றும், பேண்தகைமை என்றும், நிலைபேறு என்றும் பலவாறு எழுதுகின்றனர். நிலைத்தன்மை என்றால் அசையாமல் இருப்பது என்ற பொருள் தோன்றுகிறது. இங்கே கருதப்படுவது அதுவன்று. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளை வருவோரின் தேவைக்குக் குறை வைக்காதிருத்தல் என்பதே, 1987இல் ப்ருண்ட்லண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த உலக ஆணையம் இதற்குத் தந்த விளக்கத்தின் சாரம். நிலைபேறு என்ற சொல் இதற்கு ஓரளவு பொருந்துகிறது. நான் அதையே ஆள்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் நிலைபேற்றை அளக்கும்போது மூன்று வட்டங்கள் வரைகிறார்கள். தன் ஆலையில் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். மூலப்பொருள் செய்வோர், சரக்கு ஏற்றிச் செல்வோர், விற்ற பொருளைப் பயன்படுத்துவோர் ஆகிய எல்லாரும் அடங்கியது மூன்றாம் வட்டம். 2011இல் இதற்கென வகுக்கப்பட்ட உலகளாவிய முறையில், மூன்றாம் வட்டம் மட்டும் 15 பிரிவுகளை உடையது. விற்ற பொருள் பயன்படும்போது உண்டாகும் விளைவு அவற்றுள் ஒன்று. வண்டி கழுவும் இயந்திரம் செய்வோருக்கு இந்தப் பிரிவே பெரிது என்பது என் கருத்து. இரும்பை வளைத்து ஓர் இயந்திரம் செய்யச் சில நாள் ஆகலாம். அவ்வியந்திரம் வேற்றூரில் பல ஆண்டு நீரையும் மின்சாரத்தையும் சவர்க்காரத்தையும் உண்டு கொண்டிருக்கும். ஆக்ஸ்பர்க்கில் உள்ள ஆலையின் கூரையில் சூரியத் தகடு பதிப்பது நல்லதே. ஆனால் நாம் கேட்க வேண்டியது கூலாயில் அவ்வியந்திரத்தின் அடியில் உள்ள தொட்டியைப் பற்றி. கெர்ஷர் நிறுவனம் 2005இல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலைச் சிற்பங்களைத் தூய்மை செய்து கொடுத்தது. பாராட்டுக்குரிய செயல்தான். ஆயினும் அஃது இக்கணக்கில் சேர்வதன்று.

நீரின் அளவை ஆசிரியர்கள் வகுப்பிலேயே கணித்துக் காட்டலாம். பத்து லிட்டர் வாளி ஒன்றைத் தோட்டக் குழாயின் கீழ் வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மாணவர் எண்ணட்டும். நாற்பது விநாடி ஆனால் நிமிடத்துக்குப் 15 லிட்டர் என்று பொருள். குழாயை மூடாமல் பன்னிரண்டு நிமிடம் கழுவினால் 180 லிட்டர். அதே வண்டியை நான்கு வாளி நீரால் கழுவினால் 40 லிட்டர் போதும். தூரிகை இயந்திரம் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் நீரை இறைக்கும். ஆனால் நீரை மீண்டும் பயன்படுத்தும் அமைப்பு அதனோடு இருந்தால், புதிதாகச் சேர்க்க வேண்டியது சுமார் 30 லிட்டரே. ஒரு கடையில் நாளொன்றுக்கு 60 வண்டிகள் என்று கொள்வோம். திறந்த குழாயால் கழுவினால் 10,800 லிட்டர். மறுபயன் அமைப்போடு கழுவினால் 1,800 லிட்டர். மிச்சம் 9,000 லிட்டர். நம் நாட்டில் ஒருவர் வீட்டில் ஒருநாள் செலவிடும் நீர் 200 லிட்டருக்கு மேற்பட்டது. ஆகவே அம்மிச்சம் ஏறக்குறைய நாற்பது பேரின் ஒருநாள் தேவையாகும்.

இக்கணக்கிலிருந்து மனிதனை விட இயந்திரம் சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாளிக்காரரும் இயந்திரமும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறார்கள். வீணாக்குவது மூடாத குழாய்தான். உயரழுத்தப் பம்பு நீரை மிச்சப்படுத்துவதற்கும் காரணம் இதுவே. அதன் கைப்பிடியை விட்டால் நீர் நின்றுவிடுகிறது.

நீர்ப்பஞ்சம் வந்தபோதுதான் பல நகரங்கள் இதை நினைத்தன. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றின. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் 25 இலட்சம் லிட்டர் வீதம் நீர் கொண்டுவர நேர்ந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரு நகரக் குடிநீர் வாரியம் குடிநீரால் வண்டி கழுவுவதைத் தடைசெய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. ஆண்டெல்லாம் மழை பெய்யும் ஜொகூரில் அத்தகைய நிலை வராது என்று எண்ணுவோர் லிங்கியூ அணையின் 2016ஆம் ஆண்டுக் கணக்கை மீண்டும் ஒருமுறை நோக்குக.

இதுவரை சொன்னது நீரின் அளவு. அழுக்கின் கதை வேறு. அறிக்கைகளில் பெரும்பாலும் நீர்ச் சிக்கனமே முன்னால் நிற்கிறது. அழுக்கு பின்னால் ஒதுங்கிவிடுகிறது. ஒரு வண்டியில் ஒட்டியிருக்கும் அழுக்கின் எடை, நாம் 180 லிட்டரால் கழுவினாலும் 30 லிட்டரால் கழுவினாலும் ஒன்றே. நீரைக் குறைத்தால் அழுக்குக் குறைவதில்லை, செறிவுதான் மிகுகிறது. 2009ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. மற்ற இடங்களில் 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். வண்டி கழுவும் சிறு கடைகளுக்கு உரிமம் தருவது நகராண்மைக் கழகமே. ஆயினும் இதனை ஓர் அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம். 10,800 லிட்டர் நீருக்கு முதல் அளவுகோலின்படி இடம் உள்ள எண்ணெய் 10.8 கிராம். இரண்டு மூன்று தேக்கரண்டிக்கு மேல் வராது. அறுபது வண்டிகளின் அடிப்பகுதியிலிருந்து வடியும் எண்ணெய் அவ்வளவில் அடங்கிவிடுமா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே தொட்டி வேண்டும். முறையான தொட்டி மூன்று அறைகள் கொண்டது. முதலறையில் நீர் மெல்ல நடக்கும்போது மணலும் மண்ணும் அடியில் படிகின்றன. இரண்டாம் அறையில் எண்ணெய் மேலே மிதக்கிறது. அறைகளுக்கு இடையே உள்ள குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே வாய் வைத்திருப்பதால், மிதக்கும் எண்ணெய் அடுத்த அறைக்குச் செல்லாமல் நடுவிலுள்ள தெளிந்த நீர் மட்டும் செல்கிறது. மூன்றாம் அறையிலிருந்து நீர் வெளியேறுகிறது. அல்லது மறுபயன் அமைப்புக்குப் போகிறது. அங்கே மணல் வடிகட்டியோ நுண்ணுயிர்த் தொட்டியோ அதனை மேலும் தெளிவிக்கும். காற்றுப் புகவிடாமல் நீரைத் தேக்கினால் நாற்றம் எடுக்கும் என்பதால் காற்றூதியும் வைப்பர். மீண்டும் மீண்டும் சுழலும் நீரில் உப்புச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் புதுநீர் பயன்படுகிறது. அவ்வாறு செய்யாவிட்டால் வண்டி காய்ந்த பின்னர் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நான் மேலே சொன்ன 30 லிட்டர் புதுநீருக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவு எளிய தொட்டி ஏன் பல இடங்களில் பயன் தருவதில்லை? சவர்க்காரமே காரணம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க நீண்ட விஞ்ஞானம் தேவையில்லை. ரப்பர்ப் பால் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய ரப்பர்த் துளிகளே. அத்துளிகளைச் சுற்றியுள்ள புரதம் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. ஆகையால் பால் பாலாகவே இருக்கிறது. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அக்காப்புக் குலைந்து, துளிகள் சேர்ந்து கட்டியாகின்றன. வண்டி கழுவும் சவர்க்காரம் எண்ணெய்க்குச் செய்வது அப்புரதம் ரப்பருக்குச் செய்யும் வேலையே. எண்ணெயை நுண்துளிகளாக்கி, அவை சேரவொட்டாமல் தடுக்கிறது. உயரழுத்தமும் சுடுநீரும் அத்துளிகளை இன்னும் நுண்ணியனவாக்குகின்றன. அந்த நீர் தொட்டிக்குள் நுழைந்தால் எண்ணெய் மிதப்பதில்லை. நீரோடு நீராய் மூன்று அறைகளையும் கடந்து வெளியே போய்விடுகிறது. தொட்டி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது, எண்ணெயோ ஆற்றில் இருக்கிறது.

இக்குறையைத் தீர்க்கும் சவர்க்காரங்கள் இல்லாமல் இல்லை. வண்டியில் இருக்கும்போது எண்ணெயைப் பிடித்து, தொட்டிக்குள் வந்த சிறிது நேரத்தில் விட்டுவிடும் வகைகளைச் செய்திருக்கிறார்கள். எனவே இயந்திரம் விற்போர் அதனோடு பொருந்திய சவர்க்காரத்தையும் தொட்டியின் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பனி போன்ற நுரை வேண்டும் என்று வாடிக்கையாளர் விரும்புவதும், அதற்காகக் கடைக்காரர் மலிவான நுரைப்பொருளைத் தேடுவதும் இன்றைய வழக்கம். நுரைக்கும் தூய்மைக்கும் நேரான தொடர்பில்லை. 1950களில் ஜெர்மனியின் ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. அன்றைய செயற்கைச் சவர்க்காரங்களின் மூலக்கூறு கிளைத்த அமைப்புடையதாக இருந்ததால் நுண்ணுயிர்களால் அதனைச் சிதைக்க இயலவில்லை. அந்நாட்டு அரசு 1961இல் சட்டம் இயற்றி, 1964 முதல் அதை நடைமுறைப்படுத்திய பின்னரே, நேர்கோட்டு அமைப்புடைய, எளிதில் சிதையும் வகைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. தொழிலதிபர்களின் நல்லெண்ணம் மட்டும் அந்நுரையை அடக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டிச் சக்கரத்தின் மேலுறை ஓட ஓடத் தேய்கிறது. தேய்ந்த தூள் சக்கரத்தைச் சுற்றிய பகுதிகளில் ஒட்டிக்கொண்டு, கழுவும்போது நீரில் இறங்குகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வலுவாக்கும்போது துத்தநாக ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. ஆகவே அத்தூளில் துத்தநாகம் உண்டு. காற்றிலுள்ள ஓசோனால் ரப்பர் வெடிக்காமலிருக்க ‘6பிபிடி’ என்னும் பொருளும் சேர்க்கப்படுகிறது. அப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து வேறொரு பொருளாக மாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை 2020 டிசம்பரில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். பல ஆண்டுகளாக மழைக்குப் பின் அம்மீன்கள் ஏன் இறக்கின்றன என்பது அதுவரை விளங்காதிருந்தது. நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து வெட்டிய மரத்தின் பால், உலகைச் சுற்றிவந்து, சக்கரமாய்த் தேய்ந்து, கால்வாயில் இறங்குகிறது.

தொழிலாளரின் நலத்தை நிலைபேற்று அறிக்கையில் எங்கே வைப்பது என்பதில் நிறுவனங்கள் தடுமாறுகின்றன. சக்கர வட்டின் கறையை நொடியில் நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அதனை உண்டாக்கும் உப்போ இருக்கும. தோலில் பட்டவுடன் எரிச்சல் தெரியாமலே உள்ளே சென்று எலும்பு வரை தாக்கவல்லது அது. வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை, வண்டி கழுவும் வேலையில் இவ்வமிலத்தால் காயமுற்றோர் 48 பேர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் வார இதழில் வெளியாயிற்று. இவ்வமிலத்தால் தொழிலாளி ஒருவர் உயிரிழந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. கலனின் மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத மொழிக்காரர் ஒருவர் கையுறையின்றி அதைக் கையாளும் காட்சியை நம் ஊர்களிலும் காணலாம்.

இவை எல்லாவற்றையும் சட்டம் கொண்டு திருத்த முடியுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்கு நம் செம்பனை ஆலைகளின் வரலாற்றைக் காட்டுவேன். எண்ணெய் ஆலையிலிருந்து வரும் கழிவுநீர், வண்டி கழுவிய நீரைப் போலப் பன்மடங்கு கொடியது. அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உயிர்வளியின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். அக்கழிவு ஆற்றில் விடப்பட்ட காலத்தில் மீன்கள் செத்து மிதந்தன. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. செம்பனை ஆலைகளுக்கான விதிகள் 1977இல் வந்தன. அவ்விதிகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய்யவில்லை. 1978இல் 5,000 மில்லிகிராம் வரை விடலாம், அடுத்த ஆண்டில் 2,000, அதற்கடுத்து 1,000, பின்னர் 500, 250 என்று இறங்கி, 1984இல் 100 ஆயிற்று. விடும் அழுக்கின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் ஏறியது. ஆலைக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தனர். குளம் வெட்டுவதே மலிவு என்று கண்டனர். ஆலைக்குப் பின்னால் வரிசையாய் இருக்கும் குளங்கள் அவ்வாறு வந்தவையே. முதலாண்டிலேயே 100 என்று கேட்டிருந்தால் பாதி ஆலைகள் மூடியிருக்கும். மீதிப் பாதி பொய்க்கணக்கு எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன்.

திருப்பூரின் வரலாறு இதற்கு மறுபுறம். சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் ஆறும், அதன் மீது கட்டிய ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. உழவர்கள் வழக்காடினர். சாயநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் முழுவதும் மீட்டுப் பயன்படுத்தாத பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருங்கே நின்றன. பல்லாயிரம் பேர் வேலையின்றித் தவித்தனர். பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீரமைக்கப்பட்டு, நீரை மீட்கும் தொழில் அங்கே வேரூன்றியது. காலத்தே படிப்படியாகச் செய்யாததை நீதிமன்றம் ஒரே நாளில் செய்ய நேர்ந்தது. சிறு பட்டறைகள் தனித்தனியே செய்ய இயலாததைக் கூட்டாகச் செய்ய முடிந்தது என்பதும் அங்கே கற்கத்தக்க செய்தி. ஒரு கடைவரிசையில் உள்ள மூன்று கழுவும் கடைகள் சேர்ந்து ஒரே மறுபயன் தொட்டியை ஏன் அமைக்கக் கூடாது?

பிற நாடுகளில் வாடிக்கையாளருக்கு அடையாளம் காட்டும் முறையும் உண்டு. 1978இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘நீலத் தேவதை’ முத்திரையே உலகின் முதல் சுற்றுச்சூழல் முத்திரை. வட ஐரோப்பிய நாடுகளின் ‘அன்னப்பறவை’ முத்திரை 1989இல் வந்தது. வண்டி கழுவும் நிலையங்களுக்கும் அது அளவுகோல் வகுத்திருக்கிறது. ஒரு வண்டிக்கு எவ்வளவு புதுநீர், வெளியேறும் நீரில் எவ்வளவு எண்ணெய், எத்தகைய சவர்க்காரம் என்பவற்றை அது பார்க்கிறது. இயந்திரத்தை விற்ற நிறுவனம் எது என்பதை விட, அவ்வியந்திரம் இயங்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையே அம்முத்திரை மதிப்பிடுவது எனக்கு உவப்பாய் இருக்கிறது.

நம் நாட்டில் முத்திரை பார்த்துக் கடையைத் தேர்வதற்கில்லை, கேள்வி கேட்கலாம். தொட்டி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே எல்லாரும் சொல்வர். அதைக் கடைசியாக எப்போது வாரினீர்கள் என்று கேட்க வேண்டும். படிந்த சேறு நிறைந்துவிட்டால் தொட்டி வெறும் வாய்க்காலாகிவிடும். அந்தச் சேற்றையும் குப்பையோடு கொட்ட இயலாது. 2005ஆம் ஆண்டின் விதிகள், வண்டிப் பட்டறை, பெட்ரோல் நிலையம், எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி ஆகியவற்றிலிருந்து வரும் எண்ணெய்க் கசடை 312ஆம் எண்ணிட்ட கட்டுப்படுத்தப்பட்ட கழிவாக வகுத்திருக்கின்றன. அதை 180 நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. உரிமம் பெற்றவரே எடுத்துச் செல்ல வேண்டும். அதற்குச் செலவு உண்டு. அச்செலவைத் தவிர்க்க நினைப்போர் இரவில் என்ன செய்வர் என்பதற்கு 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கண்ட துன்பமே சான்று. கிம் கிம் ஆற்றில் இரகசியமாகக் கொட்டப்பட்ட எண்ணெய்க் கழிவின் நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. முதலில் மயங்கி விழுந்தவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தனர். அந்த வாரத்தில் இம்மாநிலத்தின் எந்தத் தலைமையாசிரியரும் நிம்மதியாக உறங்கியிருக்க மாட்டார்.

இயந்திரம் செய்யும் நிறுவனம் தன் மூன்றாம் வட்டத்தை மெய்யாகவே ஏற்குமானால், இயந்திரத்தோடு தொட்டியையும் விற்க வேண்டும். தொட்டி நிறைந்ததை அறிவிக்கும் அளவியைப் பொருத்த வேண்டும். உள்ளூர் முகவர் ஆண்டுக்கு எத்தனை தொட்டிகளைப் பார்வையிட்டார், எத்தனை கடைகளில் மறுபயன் அமைப்பு ஓடுகிறது, எத்தனையில் கெட்டுக் கிடக்கிறது என்னும் எண்களை அறிக்கையில் அச்சிட வேண்டும். பம்பை மட்டும் விற்றுவிட்டு, அது நீரைச் சிக்கனப்படுத்துகிறது என்று எழுதுவது பாதிக் கணக்கு.

ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் இரண்டு கண்ணாடிக் குப்பிகளைக் கொண்டு இவ்வளவையும் காட்டிவிடலாம். இரண்டிலும் முக்கால் அளவு நீரும், ஒரு கரண்டி சமையல் எண்ணெயும், ஒரு பிடி மணலும் போடுக. இரண்டாம் குப்பியில் மட்டும் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுச் சேர்க்க. இரண்டையும் மூடி நன்றாகக் குலுக்கி, சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, சற்று நேரத்துக்கு ஒருமுறை மாணவரைப் பார்த்து எழுதச் சொல்லுக. மணல் இரண்டிலும் விரைவாகவே அடியில் படியும். முதற்குப்பியில் எண்ணெய் சில நிமிடங்களில் மேலே ஏறி நிற்கும். இரண்டாவது குப்பியோ பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போதும் பால்போல் கலங்கியே இருக்கும்.